"வீட்ல ஏதாவது மருந்து குடுத்தீங்களா?" குட்டி நாயும் நான் சொன்ன ஒரு பொய்யும்

1/
மூணு மாசம் முன்னாடி ஓபியில ஒரு அம்மா. கல்வராயன் மலையில வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர். பிபி மாத்திரை வாங்க மாசாமாசம் இறங்கி வர்றவங்க. சீட்டு எழுதிக் குடுத்த பிறகும் எழுந்திருக்கல. குரலைத் தாழ்த்தி, "சார், வீட்ல குட்டி நாய் ஒண்ணு ரெண்டு நாளா வாந்தி எடுக்குது. வாந்திக்கு ஒரு மாத்திரை இதுலயே சேர்த்து எழுதிடுங்க சார்"னாங்க.

2/
இது புதுசு இல்ல. கள்ளக்குறிச்சி மாதிரி ஊர்ல வேலை பார்க்கிற எல்லா டாக்டருக்கும் இந்தக் கேள்வி வரும். "மனுஷனுக்கே பார்க்கிறீங்க, நாய்க்குப் பார்க்க மாட்டீங்களா?" மாட்டேன். முதல் காரணம் சட்டம். இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984. விலங்குக்கு வைத்தியம் பார்க்க அதுல பதிவு பண்ண கால்நடை மருத்துவருக்குத்தான் உரிமை. ரெண்டாவது காரணம், எனக்கு அது தெரியாது. இந்த ரெண்டாவதை நான் கத்துக்கிட்ட விதம் கொஞ்சம் வெட்கக்கேடானது. இருந்தாலும் எழுதுறேன் மக்களே. யாராவது ஒருத்தருக்காவது உதவும்.

3/
ரெண்டு வருஷம் முன்னாடி எங்க வீட்டுக்கு ஒரு பொமரேனியன் குட்டி வந்துச்சு. பொண்ணு அடம் பிடிச்சு வாங்கினது. பேரு லட்டு. வயசு ரெண்டரை மாசம், எடை 1.2 கிலோ. சும்மா ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் மாதிரி இருக்கும். ஒரு நாள் காலையில சோர்ந்து படுத்திருந்தான். கூப்பிட்டா தலையை மட்டும் தூக்குறான். தொட்டா சுடுது. தெர்மாமீட்டர் வச்சுப் பார்த்தேன். 102 டிகிரி ஃபாரன்ஹீட்.

4/
குழந்தைக்கு 102ன்னா காய்ச்சல். என் பொண்ணுக்கு வாங்கி வச்ச காய்ச்சல் சிரப் ஃபிரிட்ஜ் மேல இருந்துச்சு. ஐபுப்ரோஃபென் கலந்தது, 5 மில்லியில 100 மில்லிகிராம். குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கு. 1.2 கிலோவுக்கு 12 மில்லிகிராம், அதாவது 0.6 மில்லி. சிரிஞ்சுல துல்லியமா அளந்து குடுத்தேன். நாளைக்கு மூணு வேளை. ஒன்றரை நாள்ல அஞ்சு டோஸ். டாக்டர் வீட்டு நாய், டோஸ் தப்பலாமா?

5/
இதுல ரெண்டு தப்பு இருக்கு. ஒண்ணு, நாயோட இயல்பான உடல் வெப்பமே சுமார் 101 முதல் 102.5 டிகிரி வரை. லட்டுவுக்குக் காய்ச்சலே இல்ல! ரெண்டாவது, ஐபுப்ரோஃபென் நாய் உடம்பை விட்டு நம்ம உடம்பை விட ரொம்ப மெதுவா வெளியேறும். குழந்தைக்குப் பாதுகாப்பான அதே அளவு நாயோட இரைப்பையில புண்ணை உண்டாக்கும், கூடினா கிட்னியையும் கெடுக்கும். என் கணக்குல ஒரு புள்ளி கூடத் தப்பு இல்ல. அதைப் போட்ட உயிர்தான் வேற.

6/
ரெண்டாம் நாள் சாயங்காலம் வாந்தி. கூடவே தார் மாதிரி கருப்பா மலம். மனுஷன்ல அதைப் பார்த்தா உள்ளே ரத்தக்கசிவுன்னு எனக்குத் தெரியும். கை நடுங்க, குட்டியைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு கால்நடை மருத்துவர்கிட்ட ஓடினேன். அவங்க பொறுமையா எல்லாம் கேட்டாங்க. தடுப்பூசி, சாப்பாடு, குடற்புழு மருந்து. கடைசியா, "வீட்ல ஏதாவது மருந்து குடுத்தீங்களா சார்?"

"இல்ல மேடம்."

7/
ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கும் யோசிக்கிறேன். உள்ளே போகும்போதே "நானும் டாக்டர்தான்"னு சொல்லிட்டுத்தான் போனேன். அப்படிச் சொன்ன வாயால "என் பொண்ணோட சிரப்பை நாய்க்கு ஊத்தினேன்"னு சொல்ல நாக்கு வரல. அவ்வளவுதான் காரணம். வெறும் கௌரவம்.

8/
ரெண்டரை மாசக் குட்டி, ஒரு தடுப்பூசிதான் போட்டிருக்கு, வாந்தி, ரத்தம் கலந்த மலம். இந்தக் கதையைக் கேட்டா எந்தக் கால்நடை மருத்துவரும் முதல்ல பார்வோன்னுதான் நினைப்பாங்க. டெஸ்ட் எடுத்தாங்க, நெகட்டிவ். ஆனா பார்வோ டெஸ்ட் சில சமயம் பொய்யா நெகட்டிவ் காட்டும். அதனால பார்வோ மாதிரியே வச்சு ட்ரிப்ஸ் போட்டுத் தனியா வச்சாங்க. அவங்க செஞ்சது அத்தனையும் சரி. நான் குடுத்த தகவல்தான் பொய்.

9/
மறுநாள் காலையில பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன். ஆறு வயசு. லட்டுவைத் தடவிக்கிட்டே டாக்டரம்மாகிட்ட சொல்றா: "ஆன்ட்டி, அப்பா என்னோட ஃபீவர் சிரப்பைக் குடுத்தாங்க. அப்பவும் இவனுக்குச் சரியாவே ஆகல."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. திட்டல. "சார், பாப்பா சொன்னதை நீங்க நேத்தே சொல்லியிருந்தா ஒரு ராத்திரி மிச்சமாயிருக்கும்"னாங்க. அப்புறம் பேர், அளவு, நேரம் எல்லாம் குறிச்சுக்கிட்டு, இரைப்பைப் புண்ணுக்கான மருந்தைச் சேர்த்து, கிட்னிக்கு ரத்தப் பரிசோதனை அனுப்பினாங்க.

10/
லட்டு பிழைச்சான். அஞ்சு நாள் ஆச்சு. முதல் நாள் ஏன் சோர்ந்து கிடந்தான்னா, பெரிய நாய் மாதிரி ரெண்டு வேளைதான் சோறு வச்சிருந்தோம். முந்தின ராத்திரி அதையும் சாப்பிடல. இவ்வளவு சின்னக் குட்டிக்கு உடம்புல சேமிப்பே இருக்காது, சர்க்கரை சட்டுனு இறங்கிடும், நாளைக்கு நாலு வேளையாவது பிரிச்சுக் குடுக்கணும்னாங்க மேடம். அன்னைக்குக் காலையில ஒரு போன் பண்ணியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்.

11/
இந்த த்ரெட்ல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். நாய்க்குட்டி வளர்க்கிற நம்ம ஆட்கள்கிட்ட பாசத்துக்குக் குறையே இல்ல. ராத்திரி முழுக்க மடியில வச்சு உட்கார்ந்திருப்போம். ஆனா அந்தக் குட்டியோட டாக்டர்கிட்ட முழு உண்மையைச் சொல்ல மாட்டோம். மெடிக்கல்ல வாங்கிக் குடுத்தது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, யூடியூப் பார்த்துச் செஞ்சது எல்லாத்தையும் மறைச்சிடுவோம். மனுஷ நோயாளி மறைச்சா, அவர்கிட்டயே திரும்பக் கேட்டு வாங்கலாம். நாய்க்குட்டிகிட்ட யார் கேக்குறது?

12/
"மனுஷ மருந்துதானே, கொஞ்சமா குடுத்தா என்ன?"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு நிஜக் கதை. டைக்ளோஃபினாக் நமக்கு வலி மருந்து. மாட்டுக்கும் போட்டாங்க. அந்த மாடு செத்து, அதைத் தின்ன கழுகுகள் கிட்னி கெட்டு லட்சக்கணக்குல செத்து விழுந்துச்சு. ஆராய்ச்சியாளர்கள் 2004ல காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க. 2006ல இந்தியாவுல கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தடை ஆச்சு. அப்புறமும் மனுஷ ஊசி மருந்தோட பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க. அதனால 2015ல அந்த ஊசி மருந்தை 3 மில்லி பேக்கிங்கா சுருக்கினாங்க. ஒரு உயிருக்கு மருந்து இன்னொரு உயிருக்கு விஷம்னு நாடே பாடம் படிச்ச கதை இது.

13/
வீட்டு அளவுல இதே பாடம்: 500 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரை ஒண்ணு ஒரு பூனையைக் கொல்லப் போதும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்லயும் சில சிரப்லயும் இருக்கிற சைலிட்டால் நாயோட ரத்தச் சர்க்கரையைத் தடாலடியா இறக்கிடும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் போட்ட குழம்பு, இதெல்லாம் நமக்குச் சாப்பாடு. ஒரு கிலோ எடையுள்ள குட்டிக்கு ஆபத்து. சின்ன ஜாதி நாய்க்கு இருக்கிற பெரிய பிரச்சினையே இதுதான். நம்ம கைக்குக் "கொஞ்சம்"னு தெரியுறது அதோட எடைக்கு ரொம்ப அதிகம்.

14/
சரி, டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்? முதல்ல எடை. சமையலறைத் தராசு இல்லைன்னா மளிகைக்கடைத் தராசுல ஒரு கூடையில வச்சுப் போடுங்க. வாரத்துக்கு ஒருமுறை போட்டு காலண்டர்ல எழுதி வைங்க. 1.2 கிலோ குட்டி 100 கிராம் குறைஞ்சா அது 60 கிலோ ஆள் 5 கிலோ குறைஞ்சதுக்குச் சமம். டோஸ், ட்ரிப்ஸ் எல்லாமே எடையில இருந்துதான் ஆரம்பிக்கும்.

15/
அடுத்தது தடுப்பூசி. "எல்லா ஊசியும் போட்டாச்சு"ங்கிறது பதில் இல்ல. எந்த ஊசி, எந்தத் தேதி? புத்தகத்துல மருந்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கா? பார்வோ, டிஸ்டெம்பர் சேர்ந்த ஊசியை 6-8 வாரத்துல ஆரம்பிச்சு, சில வார இடைவெளியில, 16 வாரம் வரைக்கும் திருப்பிப் போடணும். ஒண்ணு போட்டா முடிஞ்சதுன்னு இல்ல. விற்கிறவர் சொன்னதை அப்படியே ஒப்பிக்காதீங்க. தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க. எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியை விற்கவே கூடாதுன்னு 2017 நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்லுது. எத்தனை நாள் குட்டியா வாங்கினீங்கன்னும் உண்மையைச் சொல்லுங்க.

16/
மூணாவது, நேரமும் எண்ணிக்கையும். "ரொம்ப வாந்தி எடுக்குது" டாக்டருக்கு உதவாது. எத்தனை மணியில இருந்து, எத்தனை தடவை, என்ன நிறம், ரத்தமா, புழுவா, நுரையா? மலம் எப்படி? கடைசியா எப்ப மூத்திரம் போச்சு? கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு? நான்காவது, எதைத் தின்னிருக்கலாம்? நம்ம ஊர் கரும்புக் காட்டுக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் நடுவுல இருக்கு. எலி மருந்து, பூச்சிமருந்து, உரம் ஏதாவது வீட்ல இருந்தா சொல்லுங்க. சந்தேகம்தான்னாலும் டப்பாவைக் கையோட எடுத்துட்டுப் போங்க.

17/
ஐந்தாவதுதான் என் கதை: குடுத்த மருந்து எல்லாம். அட்டையை, பாட்டிலைக் காட்டுங்க. நாட்டு மருந்து, கஷாயம், மஞ்சள், எண்ணெய் எதுவா இருந்தாலும் சரி. ஆறாவதா ஒண்ணு இருக்கு, யாருமே சொல்ல மாட்டாங்க. பணம். "மேடம், என்கிட்ட இன்னைக்கு இவ்வளவுதான் இருக்கு"ன்னு சொல்றதுல கேவலம் எதுவும் இல்ல. எந்த டெஸ்ட் இப்பவே வேணும், எது நாளைக்கு ஆகும்னு அவங்க வரிசைப்படுத்துவாங்க. சொல்லாம பாதி வைத்தியத்துல காணாமப் போறதுதான் குட்டியைக் கொல்லும்.

18/
வாட்ஸ்அப்ல வாந்தி போட்டோவை மட்டும் அனுப்பி "என்ன மாத்திரை மேம்?"னு கேக்குறதை விட இப்படி அனுப்பிப் பாருங்க:

"பொமரேனியன், ஆண், 10 வாரம். இன்னைக்கு எடை 1.150, போன வாரம் 1.250. நேத்து ராத்திரி 8 மணியில இருந்து வாந்தி 5 தடவை, கடைசி ரெண்டு மஞ்சள் நுரை. பேதி 2 தடவை, ரத்தம் இல்ல. கடைசியா சாப்பிட்டது நேத்து சாயங்காலம் 6 மணி. மூத்திரம் இன்னைக்குக் காலை 5 மணி. தடுப்பூசி ஒண்ணு, புத்தகத்தோட போட்டோ இருக்கு. வீட்ல குடுத்த மருந்து: குழந்தை காய்ச்சல் சிரப் 0.6 மில்லி, நேத்து மதியம். எப்ப கொண்டு வரலாம்?"

படிக்க அரை நிமிஷம். அதுக்குள்ள அவசரமா இல்லையான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும்.

19/
போன் முதல்ல பண்ணச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் பார்வோ. உலகத்துல 1970களின் கடைசியில தலைகாட்டின வைரஸ், 1980களின் தொடக்கத்துலயே சென்னையிலும் கண்டுபிடிச்சாங்க. இந்த வைரஸ் தரையில, துணியில மாசக்கணக்குல உயிரோட இருக்கும். சானிடைசருக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல் வேணும். முன்கூட்டியே சொன்னா குட்டியை மத்த நாய்களோட உட்கார வைக்காம நேரா உள்ளே எடுத்துக்குவாங்க. பயப்பட வேண்டாம், நாயோட பார்வோ நமக்கு ஒட்டாது.

20/
"நாளைக்குப் பார்க்கலாம்"னு விடக்கூடாத நிலை: துவண்டு போறது, வலிப்பு, ஈறு வெளுத்துப் போறது, ரத்தபேதி, நிக்காத வாந்தி, மூச்சு வாங்குறது. குட்டி சின்னதா இருந்தா ரெண்டு வேளை தொடர்ந்து சாப்பிடாம இருந்தாலே போன் பண்ணுங்க. வெள்ளிமலையில இருந்து கச்சிராயபாளையம் வழியா இறங்கி வர்றதுக்குள்ள குளிரும் பசியும் குட்டியை இன்னும் தளர்த்தும். துணியில சுத்தி, வெதுவெதுப்பான தண்ணி பாட்டிலைத் துணிக்கு வெளியே வைங்க. துவண்டிருந்தா மலைத்தேனோ சர்க்கரைத் தண்ணியோ ஈறுல விரலால தடவுங்க. வாயில ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும். தேன் தடவினதும் எழுந்து நடந்தாலும் பயணத்தை நிறுத்தாதீங்க. அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்.

21/
இப்ப என் துறை விஷயம் ஒண்ணு. குட்டிக்குத் திடீர்னு எச்சில் ஒழுகுது, தாடை தொங்குது, விழுங்க முடியல, குணம் மாறியிருக்குன்னா, "எலும்பு மாட்டியிருக்கும்"னு வாய்க்குள்ள கை விடாதீங்க. அது ரேபிஸா இருக்கலாம். கால்நடை மருத்துவருக்குப் போன்லயே சொல்லுங்க. கடிச்சிருந்தாலோ, பல்லோ நகமோ கீறியிருந்தாலோ, காயத்துல எச்சில் பட்டிருந்தாலோ உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு எங்ககிட்ட வாங்க. அரசு மருத்துவமனையில தடுப்பூசி இலவசம். தோல்ல போடுற முறையில 0, 3, 7, 28ஆம் நாள். நாலையும் முடிங்க. "பால்பல்லு குட்டிதானே சார்"னு சொல்றவங்களைப் பார்த்தாதான் எனக்குப் பயம். ரேபிஸ் வந்த பிறகு எங்ககிட்ட மருந்து இல்ல.

22/
கால்நடை மருத்துவர்கள் பத்தி ஒண்ணு சொல்லணும். "மாட்டு டாக்டருக்கு நாயைப் பத்தி என்ன தெரியும்?"னு பேசுறதை நிறுத்துங்க. நான் அஞ்சரை வருஷம் ஒரே ஒரு விலங்கைப் படிச்சேன். அவங்க அதே அஞ்சரை வருஷத்துல மாடு, ஆடு, கோழி, பன்னி, நாய், பூனை எல்லாம் படிக்கிறாங்க. அவங்க நோயாளி எதுவும் வாயைத் திறந்து "இங்க வலிக்குது"ன்னு சொன்னது கிடையாது. நம்ம மாவட்டத்துல கன்னு போட முடியாம ஒரு பசு நின்னா, அது ஒரு குடும்பத்தோட மாச வருமானம். அதுக்காக நீங்க அரை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தா கோபப்படாதீங்க. கிராமங்கள்ல ஆடு மாடு வளர்க்கிறவங்களுக்கு 1962 நடமாடும் கால்நடை ஊர்தி இருக்கு. தலைவாசல் பக்கம் வி.கூட்டுரோட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கு. அங்க போகச் சொல்லி அனுப்பினா, இதுவரை பார்த்த வைத்தியத்தோட சீட்டைக் கேட்டு வாங்கிட்டுப் போங்க.

23/
கிளம்புறதுக்கு முன்னாடி நீங்களும் நாலு கேள்வி கேளுங்க. என்னவா இருக்கும்னு நினைக்கிறீங்க? இந்த மருந்து எத்தனை மில்லி, எத்தனை வேளை? இன்னைக்கு ராத்திரி எதைக் கவனிக்கணும்? எது நடந்தா உடனே போன் பண்ணணும்? பதிலைத் திருப்பிச் சொல்லிக் காட்டுங்க. மில்லிக்கும் மில்லிகிராமுக்கும் குழம்பி வர்ற வீடுகளை நான் தினமும் பார்க்கிறேன்.

24/
அந்த வெள்ளிமலை அம்மாவுக்கு மாத்திரை எழுதல. பக்கத்துல உட்கார வச்சு ஒவ்வொண்ணா கேட்டு, ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிக் குடுத்தேன். கேக்கக் கேக்கத்தான் வந்துச்சு: பொண்ணு சேலத்துல இருந்து கொண்டு வந்த குட்டிங்க, மொத்தம் ரெண்டு, ஒரு ஊசி கூடப் போடல, நேத்து வலி மாத்திரையில பாதி குடுத்திருக்காங்க. "இதெல்லாம் எழுதினா டாக்டரம்மா திட்ட மாட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. "திட்டினா வாங்கிக்குங்கம்மா. நானும் வாங்கியிருக்கேன்"னேன்.

25/
அடுத்த மாசம் மாத்திரைக்கு வந்தாங்க. அந்தக் குட்டி பிழைக்கல. பார்வோ, ரொம்ப முத்திப் போயிருந்துச்சு. ஆனா தாள்ல "ரெண்டு குட்டி"ன்னு இருந்ததைப் பார்த்து, டாக்டரம்மா இன்னொண்ணை உடனே கொண்டு வரச் சொல்லி, தனியா வைக்கச் சொல்லி, வீட்டை பிளீச்சிங் போட்டுக் கழுவச் சொல்லியிருக்காங்க. அது நல்லா இருக்கு. ஊசியும் ஆரம்பிச்சாச்சு. "இப்போ வாரா வாரம் ரேஷன் கடைத் தராசுல எடை போடுறோம் சார்"னு சொல்லிச் சிரிச்சாங்க.

26/
வீட்ல குட்டி வச்சிருக்கிறவங்க இன்னைக்கே ரெண்டு வேலை செய்யுங்க. உங்க கால்நடை மருத்துவர் நம்பரை போன்ல சேமிங்க. குட்டியோட இன்னைய எடையை எங்கயாவது எழுதி வைங்க. மருந்து முடிவு பண்றது அவங்க வேலை. நடந்தது நடந்தபடி சொல்றது நம்ம வேலை. அந்த வேலையை எங்க வீட்ல என்னை விட என் பொண்ணுதான் நல்லா செஞ்சா.